பொட்டலத்துச் சர்க்கரை

என் மகள் ஆர்த்திக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னால் போதும், ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிடுகிறார்கள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. கிழவர்களுக்கு வருகிற சர்க்கரை வேறு, இது வேறு. இவள் உடம்பில் இன்சுலினே சுரப்பதில்லை, ஊசி போட்டால்தான் உயிர் என்று எத்தனை பேரிடம் சொல்வது? ஊசி போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போனாலோ, ஓடியாடி விளையாடினாலோ ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். அந்த நிமிஷமே சர்க்கரையை வாயில் போட வேண்டும். இல்லாவிட்டால் மயக்கம், வலிப்பு. அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸில் எப்போதும் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கும். ஜூன் மாதமே திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய், வகுப்பாசிரியர் கோதண்டபாணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கவலையே படாதம்மா, எங்க அப்பாவுக்கும் சுகருதான். எனக்குத் தெரியாதா?" என்றார். அவர் அப்பாவுக்கு வந்தது வேறு சர்க்கரை என்று மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

புதன்கிழமை எங்கள் ஊர் பெருமுக்கல்லில், வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தபோது அவரே போன் செய்தார். "ஆர்த்தி மயங்கி உழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போறோம், ஜல்தி வாம்மா!"

மண் கையோடு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுடைய சிநேகிதி புனிதா நின்றிருந்தாள். மூடியிருந்த கையை என் முன்னால் நீட்டித் திறந்தாள். உள்ளே கசங்கிப்போன சர்க்கரைப் பொட்டலம்.

"அத்தை, இவ கை நடுங்கிக்கினே இதைத் துன்னப் போனா. நான்தான் புடுங்கி வச்சிக்கினேன். துளி கூடத் துன்ன உடல" என்றாள். "எங்க தாத்தாவுக்குச் சக்கரையாலதான் காலை எடுத்தாங்க. ஆர்த்திக்கு யாரும் இனிப்பு குடுக்கக் கூடாது, பாத்துக்குங்கன்னு சாரும் சொன்னாரு."

அடிப்பாவி! வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் முகம் அழுதழுது வீங்கியிருந்தது. தோழியைக் காப்பாற்றிவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிற பிள்ளையை என்ன சொல்லித் திட்டுவது? வாசலில் நின்ற வாத்தியாரிடம் போனேன்.

"நடுங்கினா ஒடனே சக்கரை குடுங்கன்னு படிச்சிப் படிச்சி சொன்னேனே சார்! பாதியை மட்டும் புள்ளைங்ககிட்ட சொல்லிட்டு மீதியை முழுங்கிட்டீங்களே!"

"நல்லதுக்குத்தானேம்மா சொன்னேன்" என்று இழுத்தார். "நாளைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

மறுநாள் காலையில், திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனால் போதும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊசி போட்டாயிற்று; இட்லியைத்தான் பாதியில் வைத்துவிட்டாள். ஊருக்குப் போக ஏறி உட்கார்ந்த பேருந்தோ கிளம்புகிற வழியைக் காணோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அவ புடுங்கினா நீ ஏண்டி உட்ட? கத்த வேண்டியதுதானே?"

"எல்லாரும் பாத்தாங்கம்மா. திருடியைப் பாக்கற மாதிரி பாத்தாங்க. வெக்கமா இருந்துச்சி. அதான் குடுத்துட்டேன்."

உயிர் போகிற நேரத்தில் வெட்கமாம்! வாத்தியார் சொல்லி ஊரே திருந்தினாலும், இவள் கை நீட்டித் தின்னாவிட்டால் என்ன பிரயோஜனம்?

பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் விரல்கள் நடுங்கத் தொடங்கின. புனிதா கொடுத்த பொட்டலம் என் பையில்தான் இருந்தது. அவசரமாகப் பிரித்துக் கொடுத்தேன். எதிர் சீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரில பாத்தனே, இது சக்கரைப் புள்ளையாச்சே! அதுக்குப் போயி சக்கரைய குடுக்கிறியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. ஆர்த்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன் வேலைய பாரும்மா! நீ துன்னுடி!" என்று கத்தினேன். பேருந்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தின்றாள். என் முந்தானையை இழுத்து வாயை மறைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பித் தின்றாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. எனக்குத்தான் நிற்கவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் அவள் இழுத்து மறைத்துக்கொள்ள என் முந்தானை இருக்காது.