நீலப் பெட்டியில் போட்ட பால் புட்டி

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குப் புதன்கிழமை கடைசிப் பீரியட் என்றால் கொஞ்சம் உற்சாகம்தான். குப்பையைப் பிரித்துப் போடும் பாடம் அது. பரீட்சை கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது. வகுப்பு மூலையில் பச்சைப் பெட்டி ஒன்று, நீலப் பெட்டி ஒன்று. ஈரக் குப்பை பச்சையில். கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கும் காகிதமும் நீலத்தில். பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டுவர வேண்டும். சரியான பெட்டியில் போட்டால் கையில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கருக்கு ஆசைப்பட்டு ஒருவன் அப்பாவின் மூக்குக் கண்ணாடியையே கொண்டுவந்து போட்டுவிட்டான். அன்று சாயங்காலமே அந்த அப்பா சுவரைத் தடவிக்கொண்டு வந்து அதை வாங்கிப் போனார்.

பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றை டீச்சர் சொந்தமாகச் சேர்த்திருந்தார். “தூக்கிப் போட்டா எதுவும் இல்லாம போயிடாது. நல்லா கழுவி, சரியான பெட்டியில போட்டா, அது வேற ஒண்ணா திரும்பி வரும்.” இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும். அதனாலேயே வாரா வாரம் சொன்னார்.

இரண்டாவது பெஞ்சில் ஒரு சிறுமி. சட்டைப் பொத்தானைக் கடித்துக் கடித்தே அறுத்துவிடுவாள் என்பதால் வகுப்புக்கே அவள் பொத்தான். ஒரு புதன்கிழமை அவள் ஒரு பால் புட்டியைக் கொண்டுவந்தாள். பளபளவென்று கழுவி, ரப்பரைத் தனியாக எடுத்து, மூடியைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தாள். டீச்சர் அதை உயர்த்திப் பிடித்து வகுப்புக்கே காட்டினார். “பாருங்க, கழுவினா இப்படிக் கழுவணும்.” அன்றைக்கு அவளுக்கு மட்டும் இரண்டு ஸ்டிக்கர்.

அடுத்த வாரம் பொத்தான் மேஜை அருகே வந்து நின்றாள்.

“டீச்சர், என் பாட்டில் எப்ப வரும்?”

“கொஞ்ச நாள் ஆகும்டா. அது பெரிய வேலை இல்லையா?”

அவள் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை காலை அவளுடைய அம்மா வந்தாள். தையல் கம்பெனிக்குப் போகிற வழியில் வந்திருந்தாள். சேலைத் தலைப்பில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. வகுப்புக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள்.

“டீச்சர், எங்க பாப்பா ஒரு பால் பாட்டில் கொண்டுவந்தாளா? வீடு முழுக்கத் தேடிட்டேன். நேத்துதான் சொன்னா.”

“ஆமாம்மா, கொண்டுவந்தா. அது வேணுமா?”

“அது அவ தம்பியோடது.”

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு மாதத்துக்கு முன் பொத்தான் பத்து நாள் வரவில்லை. வீட்டில் துக்கம் என்று வந்த விடுப்புக் கடிதத்தில் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். நாலு மாதக் குழந்தை என்று யாரோ சொன்னதும் நினைவுக்கு வந்தது. ஆனால் அந்தப் புட்டியைக் கையில் வாங்கியபோது அது யாருடையது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

“தம்பி பாட்டிலைக் கழுவிக் கொடுத்தா தம்பி திரும்பி வருவான்னு நெனச்சிருக்கா,” என்றாள் அம்மா. குரலில் கோபமே இல்லை. “நீங்க சொன்னீங்களாம்.”

டீச்சர் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பள்ளியைப் பெருக்கும் அக்காவைத் தேடிப் போனார். நீலப் பெட்டிச் சாமான் எந்த இடத்துக்குப் போகிறது என்று கேட்டார்.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். “எந்த நீலம் டீச்சர்? வியாழக்கிழமை வர்றது ஒரே ஒரு லாரி. ரெண்டு பெட்டியையும் அதுலதான் கொட்டுறேன். ஒரு வருஷமா அப்படித்தான். பிரிக்கிற இடத்தை மூடிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது என்று சொல்ல டீச்சரால் முடியவில்லை. வாசலில் எப்போதும் ஒரு லாரிதான் நிற்கிறது என்பதைத் தினமும் பார்த்திருக்கிறார். பார்த்தும், ஒருநாளும் கேட்டதில்லை.

டீச்சரும் பொத்தானின் அம்மாவும் குப்பை கொட்டும் இடத்துக்குப் பஸ் ஏறினார்கள். ஊர் முடிந்து, கடைகள் முடிந்து, கடைசி நிறுத்தத்தில் இறங்கி நடந்தார்கள். கம்பி வேலிக்கு அப்பால் மைதானம் போலப் பரந்த மண். பறவைகள் வட்டமிட்டன. மண் தள்ளும் இயந்திரத்தை ஓட்டுகிறவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

“போன போன வாரம் வந்ததா? அதெல்லாம் மேல மண்ணு போட்டு அழுத்தியாச்சும்மா.”

“எந்த இடம்னு தெரியுமாண்ணே?” என்று அம்மா கேட்டாள்.

அவர் ஒரு நிமிடம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தூரத்தில் ஓரிடத்தைக் கையால் காட்டினார். “அதோ, அந்தக் கம்பத்துக்குப் பக்கத்துல.”

அவருக்குத் தெரியாது என்பது டீச்சருக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்திருக்கும். ஆனாலும் அவள் வேலியைப் பிடித்தபடி அந்தக் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சர் அவள் பக்கத்தில் போய் நின்றார்.

“நாம கேட்டுப் பார்க்கலாம்மா. கொஞ்சம் தோண்டச் சொல்லி...”

“கிடைச்சாலும் ஒண்ணும் இல்ல டீச்சர்.” அம்மா திரும்பவில்லை. “நான் அதைக் கழுவாமதான் வெச்சிருந்தேன். அடியில அவன் கடைசியா குடிச்ச பால் காஞ்சு ஒட்டிட்டு இருந்துச்சு. மூடியைத் திறந்தா அவன் மேல வர்ற வாசனை வரும். இவ சோப்பு போட்டு நல்லா கழுவிட்டா.”

இருவரும் திரும்பி வரும் பஸ்ஸில் ஏறினார்கள். தையல் கம்பெனி நிறுத்தத்தில் அம்மா இறங்கினாள். அரை நாள் சம்பளம் போனால் போகிறது, மீதி அரை நாளாவது வேலை பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மற்ற பிள்ளைகள் விளையாடப் போனபோது டீச்சர் பொத்தானைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பூசி மெழுகாமல் சொல்லிவிடுவது என்று இரவெல்லாம் யோசித்து முடிவு செய்திருந்தார்.

“அந்த பாட்டில் திரும்பி வராதுடா. தம்பியும் வர மாட்டான்.”

பொத்தான் அழவில்லை. யோசித்தாள்.

“நான் சரியா கழுவலையா?”

“இல்லடா, நீ ரொம்ப நல்லா கழுவின. நான்தான் தப்பா சொல்லிட்டேன்.”

“டீச்சர் தப்பா சொல்ல மாட்டாங்க,” என்றாள் அவள். “ரப்பர் உள்ள கொஞ்சம் வெள்ளையா இருந்துச்சு. நான் பார்த்தேன். பிரஷ் போகல.”

டீச்சர் எவ்வளவோ சொன்னார். லாரியைச் சொன்னார், மண்ணைச் சொன்னார். அந்தக் குழந்தை, பெரியவர்கள் ஆறுதலுக்குச் சொல்வதைக் கேட்டுக்கொள்வது போலப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

அன்று மாலை டீச்சர் தலைமை ஆசிரியையிடம் போய் அந்தப் பாடத்தை நிறுத்திவிடலாம் என்றார். தலைமை ஆசிரியை நல்லவர்தான். முழுவதையும் கேட்டார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “ஆய்வுக்கு வரப் போறாங்க. பெட்டி ரெண்டும் இருக்கணும்னு எழுத்துல இருக்கு. குழந்தைங்களுக்குப் பழக்கமாவது வரட்டுமே. நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க.”

புதன்கிழமைகள் தொடர்ந்தன. திரும்பி வரும் என்ற வாக்கியத்தை டீச்சர் விட்டுவிட்டார். மற்ற பிள்ளைகள் அதைக் கவனிக்கவில்லை. ஸ்டிக்கர் கிடைத்தால் போதும் அவர்களுக்கு. பொத்தான் மட்டும் ஒவ்வொரு வாரமும் ஏதாவது கொண்டுவந்தாள். ஒரு வாரம் ஷாம்பு டப்பா; தேய்த்துத் தேய்த்து அதன் மேலிருந்த எழுத்தே அழிந்திருந்தது. இன்னொரு வாரம் ஒரு மூடி. அவள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு டீச்சர் ஒருநாள் ஸ்டிக்கரைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். மறுவாரம் அவள் கொண்டுவந்த டப்பா இன்னும் சுத்தமாக இருந்தது. அதன் பிறகு கொடுத்துவிடத் தொடங்கினார்.

வருஷம் முடிந்து பொத்தான் இரண்டாம் வகுப்புக்குப் போனாள். ஜூன் கடைசியில் ஆசிரியர் அறையில் அந்த வகுப்பு டீச்சர் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார்:

“உங்ககிட்ட இருந்து வந்த அந்தப் பொண்ணு தங்கம் டீச்சர். சாப்பிட்ட உடனே எல்லாப் பிள்ளைங்க டப்பாவையும் வாங்கிக் குழாயடியில அவளே கழுவி வைக்கிறா. போதும் வாடின்னா வர மாட்டேங்கிறா. நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க.”

ஒன்றாம் வகுப்பு டீச்சர் சிரிக்க முயன்றார். சாப்பாட்டைப் பிசைந்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு, குழாய்ப் பக்கம் பார்க்காமல், சுற்று வழியாகத் தன் வகுப்புக்கு நடந்தார்.