மிட்டாய் பாட்டிலில் கேள்விகள்

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. பால்காரர் முதல் பாதிரியார் வரை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பேசுவேன். அதனால்தான் என்னைத் தேர்வுக் குழுவில் போட்டார்களோ என்னவோ. போதை, உடம்பு, காதல், பரீட்சைப் பயம் பற்றியெல்லாம் இளைஞர்களுக்கு இளைஞர்களே சொல்லிக்கொடுக்கும் திட்டம். அதை நடத்த எந்த அமைப்புக்குத் தகுதி உண்டு என்று நேரில் பார்த்து மார்க் போட வேண்டும்.

முதலில் போன இடத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். வருகைப் பதிவேட்டில் நாற்பது கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு. பொன்னாடையை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்தது புதுக்கடை என்ற ஊரில். டெய்லர் கடைக்கு மேலே ஒற்றை அறை. சனிக்கிழமை காலை, சொல்லாமல் போய் நின்றேன். அமைப்பை நடத்தும் ஜின்சி மட்டும் இருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். பதிவேடே இல்லை என்றாள்.

"பேரு எழுதணும்னா பிள்ளைங்க வராது மேடம்."

நல்ல சாக்கு. "பிள்ளைங்க வருதுன்னு நான் எப்படி நம்ப?"

மேசைமேல் இருந்த பெரிய மிட்டாய் பாட்டிலைக் காட்டினாள். கண்ணாடிக்குள் மடித்த சீட்டுகள். கேட்க வெட்கப்படுகிற கேள்விகளை எழுதிப் போடுவார்களாம். ஒரு வாரம் போட்டதை அடுத்த சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் திறப்பார்களாம்.

"நீயே எழுதிப் போட்டிருந்தா?" என்று பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினேன்.

அப்போதுதான் அந்த இளம்பச்சைத் தாளைப் பார்த்தேன். மூலையில் கிரேன் படம். மஸ்கட்டில் என் கணவர் வேலை பார்க்கும் கம்பெனியின் டைரி. அதை என் மகள் ஜாஸ்மிக்குத்தான் கொடுத்திருந்தேன். சனிக்கிழமை மாலை அவளுக்குப் புதுக்கடையில் பிசிக்ஸ் டியூஷன் என்றுதான் எனக்குத் தெரியும்.

"இதைத் திற." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"மாட்டேன் மேடம்."

"அப்போ மார்க் கிடையாது."

ஜின்சி பாட்டிலை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "இந்தத் திட்டம் கிடைக்கல்லேன்னா ரூமைப் பூட்ட வேண்டியதுதான். ஆனா இதைத் தொறந்தா, பிள்ளைங்களுக்க ரகசியம் போச்சு. பெறவு ஒருத்தரும் இந்தப் படி ஏறாது."

எனக்குக் கோபம் பொங்கியது. பொறாமையும்தான். பெற்றவளிடம் கேட்க முடியாததை இவளிடம் கேட்கிறாளே! மாடிப்படியில் உட்கார்ந்து படிவத்தை விரித்தேன். 'இளைஞர்களின் நம்பிக்கையைப் பெற்றுள்ளதா?' பத்துக்கு எத்தனை? வெகுநேரம் பேனா நகரவில்லை. கடைசியில் பத்து என்று எழுதினேன். எழுதும்போது அழுதுவிட்டேன்.

நான் வீடு திரும்பியபின், மூன்று மணிக்கு ஜாஸ்மி டியூஷனுக்கென்று கிளம்பினாள். தினமும் செய்வதுபோலப் பையின் ஜிப்பைத் திறந்து, நான் சோதிப்பதற்காக நீட்டினாள். ஒருநாள்கூட நான் சோதிக்காமல் விட்டதில்லை. இப்போதெல்லாம் கேட்கும் முன்பே நீட்டிவிடுகிறாள்.

"காலைல புதுக்கடைக்குப் போயிருந்தேன் மக்கா. டெய்லர் கடைக்கு மேல."

அவள் முகம் வெளுத்துப்போனது.

"பாட்டிலை நான் திறக்கல்ல" என்றேன். பைக்குள் பார்க்காமல் ஜிப்பை இழுத்து மூடி, அவள் தோளில் மாட்டிவிட்டேன்.