தொப்பிக்காரரின் கையெழுத்து

கவர் வந்தபோது டிரைவிங் மாஸ்டரின் பெண்டாட்டி வீட்டில் இல்லை. தபால்காரர் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருந்தார். பதில் வருவதற்காக மாஸ்டர் தன் கையாலேயே வீட்டு விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி, கடிதத்தோடு மடித்து வைத்து அனுப்பிய கவர்தான். அனுப்பி மாதங்கள் ஓடிவிட்டதால் சொந்தக் கையெழுத்தே யாருடையதோ போலத் தெரிந்தது. அவர் அதைப் பிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டியை அசத்த வாய்த்த ஒரே சந்தர்ப்பம். அதைத் தானே பிரித்துக் கெடுத்துக்கொள்வானேன்?

வண்டி பழக வருகிறவர்கள் எல்லாரும் மாஸ்டரின் ஜோக்குகளுக்குச் சிரிப்பார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்த கை வெடவெடக்கும்போது எதைச் சொன்னாலும் சிரிப்பு வரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வீட்டில் அதே ஜோக்குக்கு அவள் "ம்" என்பாள். ரொம்ப நன்றாக இருந்தால் "ம்ம்".

அவளுக்குச் சிரிப்பென்றால் தொப்பிக்காரர். ஊரே அந்த நடிகரை அப்படித்தான் கூப்பிட்டது. சின்ன வயதில் இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுத்துக்கிடந்தவளை டிவியில் வந்து சிரிக்க வைத்தவர் அவர். இப்போது நடிப்பை விட்டு எங்கேயோ மகள் வீட்டில் இருக்கிறார். அந்தப் பழைய காட்சிகளைப் போனில் போட்டுக்கொண்டு, ஒரு கையைச் சமையலறைச் சுவரில் ஊன்றி, கண்ணில் நீர் வழிய அவள் சிரிப்பதை மாஸ்டர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். "என்னது?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லீங்க" என்று போனைக் கவிழ்த்துவிடுவாள். இரண்டு பேர் அந்தரங்கமாகப் பேசிக்கொண்டிருக்கும் அறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டது போல இருக்கும் அவருக்கு.

தொப்பிக்காரர் ரசிகர்களுக்குத் தபாலில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார் என்று வண்டி பழக வந்த ஒரு பெண் சொன்னாள். மாஸ்டர் அன்றே எழுதிப் போட்டார். மாவுக்கட்டுக் கதையைச் சொல்லி, பெண்டாட்டி பெயருக்கு ஒரு படம் கேட்டார். முடிக்கும்போது, ஏனென்று தெரியாமல், "என் ஜோக்குக்கு அவள் இதுவரை சிரித்ததில்லை ஐயா" என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்.

கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்தவள் கவரைப் பிரித்தாள். படத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி கிழவர். கீழே நீல மசியில் கையெழுத்து. அதற்கு மேலே: "அம்மா, உங்கள் வீட்டுக்காரர் ஜோக்குக்கும் ஒரு தடவை சிரித்து வையுங்கள். பாவம்."

அவள் சுவரைப் பிடித்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாவமாங்க," என்றாள் மூச்சு வாங்க. "பாவமாம்."

மாஸ்டரும் சிரித்தார். அன்று முழுக்க அவருக்குச் சந்தோஷம்தான். "மாசக்கணக்கா மூச்சு விடலடி இந்த மனுஷன்," என்று அவள் தங்கையிடம் போனில் பெருமை பேசியதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

தான் வேலை செய்யும் கடையிலேயே படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்து, சாப்பாட்டு மேசைக்கு எதிரே, அவர் நாற்காலிக்கு நேராக மாட்டினாள். வினை அதோடு தொடங்கியது. அவர் எதையாவது சொல்ல வாயெடுத்தால் அவள் படத்தை அண்ணாந்து பார்த்து, "சார், சிரிச்சு வெக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கேள்விக்கே விழுந்து விழுந்து சிரிப்பாள். அவர் சொல்ல வந்ததைப் பாதியிலேயே விட்டுவிடுவார். தனக்குத்தானே தபால்தலை ஒட்டி ஒரு சக்களத்தனை வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டதாக மாஸ்டருக்குத் தோன்றியது.

ஒருநாள் உண்மையிலேயே நல்ல கதையோடு வந்தார். வண்டி பழகும் அம்மாள் ஒருத்தி, சிக்னலில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்த பதற்றத்தில் ஹாரனுக்குப் பதில் கண்ணாடி கழுவும் வைப்பர் விசையைத் தட்டி, அவர் சட்டை பூராவும் சோப்புத் தண்ணீர் தெளித்த கதை. வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார். பாதி சொல்வதற்குள் அவள் கண் படத்துக்குப் போய்விட்டது.

"சார், இதுக்கு..."

"அவரா எழுதினாருன்னு நெனச்சிட்டிருக்கியா?" என்றார் மாஸ்டர். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "கையெழுத்து அச்சு. கட்டுக்கட்டா அடிச்சு வெச்சிருப்பாங்க. மேல ஒரு வரிய யாராவது வேலையாள் எழுதிப் போடுவான். அவருக்கு உன்னத் தெரியவா போகுது?"

அவள் எழுந்து படத்தைக் கழற்றினாள். பின்பக்கத்து ஆணிகளைக் கத்தி முனையால் நெம்பி, படத்தை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டாள்.

"வேணாம், விடு," என்றார் மாஸ்டர்.

அவள் கையெழுத்தின் மேல் விரலை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். எழுத்துகள் கலங்கி, பாதிப் பெயர் நீலப் புகை மாதிரி தொப்பியின் மேல் ஏறிப் பரவியது.

"அச்சு இல்லீங்க," என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம்கூட இல்லை. அவள் மிச்சச் சோற்றை மூடி வைத்தாள். பிறகு நீலமான அந்த ஒரு விரல் எதிலும் பட்டுவிடாமல் தனியே நீட்டிப் பிடித்தபடி, மற்ற விரல்களால் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள்.