புட்டிப்பால்

தேவகிருபைக்குப் பால் இல்லாமல் போகவில்லை. பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே ரவிக்கை நனைந்து, விரிப்பும் நனையும் அளவுக்குச் சுரந்தது. அதை நிறுத்தியவன் அவள் கணவன் ராசையா.

சாத்தான்குளத்துப் பக்கமிருந்து வந்து ராயபுரம் மார்க்கெட்டை ஒட்டி மொத்தக் கடை வைத்திருந்தான் அவன். அந்த வருஷம் சீமைக் கம்பெனி ஒன்றின் குழந்தைப் பால்மாவுக்கு எண்ணூர் வரைக்கும் ஏஜென்சி அவனுக்குக் கிடைத்திருந்தது. துரைமார் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் இதைக் குடித்துத்தான் கொழுகொழுவென்று இருக்கின்றன, நம் மகன் மட்டும் ஏன் பட்டிக்காட்டுப் பிள்ளை மாதிரி வளரவேண்டும் என்றான். ஏஜெண்டு வீட்டுப் பிள்ளையே தாய்ப்பால் குடித்தால் எவன் டப்பாவை வாங்குவான் என்பதையும் ஒளிக்காமல் சொன்னான்.

அவள் மறுத்திருக்கலாம். ஆனால் பதினோரு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்தபோது சொந்தக்காரர்கள் பேசாத பேச்செல்லாம் பேசினார்கள். ராசையா மட்டும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. அந்த நன்றி வாயை அடைத்தது. பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவை அரைத்து மார்பில் வைத்துக் கட்டினாள் மருத்துவச்சி. பூவைப் பந்து பந்தாக வாங்கி வந்தவன் ராசையாதான். பக்கத்து அறையில் பிள்ளை அழும்போதெல்லாம் கட்டியிருந்த பூவையும் மீறிப் பால் கசிந்தது. ஒரு வாரத்தில் அதுவும் நின்றது.

பிள்ளைக்குத் தாத்தா பெயரையே வைத்து வேதமாணிக்கம் என்றார்கள். ஐந்தாவது வாரம் அவனுக்கு வயிறு போக ஆரம்பித்தது. கண் குழி விழுந்தது. தோலைப் பிடித்தால் பிடித்தபடியே நின்றது. வந்து பார்த்த டாக்டரம்மா புட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, இதைத் தூக்கி எறியுங்கள், தாய்ப்பால் கொடுத்தால் பிழைப்பான் என்றார். தேவகிருபை பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டாள். அவன் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கடையில் மூட்டை தூக்கும் அப்பாவுவின் மனைவி கெங்கம்மா இரண்டு மாதத்துக்கு முன்னால் பிரசவித்திருந்தாள். அப்பாவுவை வீட்டுப் படி ஏறவிடாத ராசையா, அன்று தானே ரிக்‌ஷா பிடித்து வியாசர்பாடிக் குடிசைக்குப் போய் அவளை அழைத்து வந்தான். இடுப்பில் தன் மகள் அம்முவோடு வந்தாள் கெங்கம்மா. ஒரு பக்கம் தன் மகளுக்கு, ஒரு பக்கம் இந்தப் பிள்ளைக்கு என்று வந்ததுமே சொல்லிவிட்டாள். ஒரே மடியில் இரண்டும் குடித்தன. பத்து நாளில் வேதமாணிக்கத்தின் கன்னம் மேடிட்டது.

பிள்ளை தேறியதும் ராசையாவுக்கு ஒரு பக்கம் போதவில்லை. அம்முவை இனிமேல் தூக்கி வரவேண்டாம் என்றான். அவளுக்கு வேண்டிய மட்டும் பால்மாவு கொடுத்துவிடுகிறேன், பக்கத்துக் குடிசையில் யாராவது புட்டியில் புகட்டட்டும் என்றான். அப்பாவு தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். முடியாது என்றால் மறுநாள் முதல் மூட்டை இருக்காது என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கெங்கம்மா டப்பாவை எடுத்துக்கொண்டு தேவகிருபையிடம் வந்தாள்.

"யம்மா, இத்தக் குட்சிதான உன் புள்ள சாவக் கெடந்துச்சு? என் பொண்ணுக்கு இத்தக் குடுக்கலாமா? மொதலாளி சொன்னது வேற. நீ பெத்தவ. நீ சொன்னா நம்புறேன்."

வேதமாணிக்கம் தூங்கிக்கொண்டிருந்தான். கடைவாயில் பால் வழிந்திருந்தது. தேவகிருபை அவனைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"தண்ணியக் காய்ச்சிக் குடு," என்றாள். "ஒண்ணும் செய்யாது."

மூன்று வாரம் கழித்து, ஐப்பசி மழையில், அம்மு இரண்டே நாள் வயிறு போய்ச் செத்துப்போனாள். செய்தி வந்ததும் தேவகிருபையின் மனதில் முதலில் எழுந்தது அந்தக் குழந்தையின் முகம் அல்ல. இனி என் பிள்ளைக்குப் பால்?

நாலாம் நாள் பகலில் கெங்கம்மா வந்தாள். முந்தானை தொப்பலாக நனைந்திருந்தது. உட்கார்ந்து பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். தேவகிருபை அவள் பெயரைச் சொன்னாள்.

"உன் புள்ளைக்காவ வரல," என்றாள் கெங்கம்மா. "மாரு கட்டிகினு நெருப்பா எரியுது. குடிக்க அங்க வாயி இல்ல."

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தேவகிருபை காத்திருந்தாள். கெங்கம்மா பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். கர்த்தரின் சித்தம் என்று சொல்லி ராசையா கொடுத்த புடவையை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போனாள். ஏழு மாதம் தினமும் வந்தாள். பிள்ளை பிசைந்த சோறு தின்னத் தொடங்கிய வாரம், சொல்லாமல் நின்றுவிட்டாள். அப்பாவுவும் வேறு வேலை தேடிக்கொண்டான்.

வேதமாணிக்கத்துக்கு ஒரு வயது நிறைந்த அன்று தேவகிருபை தனியாக வியாசர்பாடிக்குப் போனாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. குடிசையில் வேறு யாரோ இருந்தார்கள். கெங்கம்மா புருஷனோடு எர்ணாவூர்ப் பக்கம் போய்விட்டதாகப் பக்கத்துக் குடிசைச் சொக்கம்மாள் சொன்னாள். வந்திருப்பது யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் குழந்தைக்குப் புட்டி புகட்டியது தான்தான் என்று அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

"தண்ணி காய்ச்சிக் குடுக்கணும்னு அந்த வூட்டம்மா சொல்லிச்சாம். கெங்கம்மா காலீல எய்ந்து காய்ச்சி வச்சிட்டுத்தான் போவா. ஒரு நாளு தவறல. நானும் அதத்தான் பொழுதுக்கும் வச்சிகினு குடுத்தேன். அப்பிடியும் போயிடுச்சு."

தண்ணீரைக் காய்ச்சியிருக்கமாட்டார்கள் என்றுதான் தேவகிருபை இத்தனை மாதமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டு வாசலில் நின்ற ராசையா எங்கே போயிருந்தாய் என்று கேட்டான். கோயிலுக்கு என்றாள். நல்ல காரியம் என்று சொல்லிவிட்டு அவன் கடைக்குப் போனான்.