மூன்று ஞாயிறு வாசித்த ஓலை

மேரிக்குத் தன் புருஷன் பீட்டரைப் பற்றி உறுதியான ஓர் அபிப்பிராயம் உண்டு. அந்த மனுஷனுக்குத் தலை இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. உள்ளே இருந்த ஆள் எப்போதோ போனுக்குள் குடிபோய்விட்டான். சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு என்ன குழம்பு என்று கேட்டால் தட்டைப் பார்த்துத்தான் சொல்லுவான். கையிலிருக்கிற பெட்டியில் ஒரு பாட்டு முழுசாய் ஓடாது, ஒருத்தன் முழுசாய் அழமாட்டான், அதற்குள் கட்டைவிரல் அடுத்ததைத் தள்ளிவிடும். பீட்டர் மட்டுமா? கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் பெட்டி முழுக்கக் குனிந்த தலைகள். புதிதாய் வருகிறவன் ஜெபக்கூட்டம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிடுவான்.

மேரி சிப்காட்டில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். பெல்ட்டில் ஓடிவருகிற மூடிகளில் நசுங்கியதைப் பொறுக்கி எடுக்கவேண்டும். போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால்தான் தன் புத்தி இன்னும் தன்னிடமே இருக்கிறது என்று அவளுக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. இருக்கட்டும், அது நியாயமான மண்டைக்கனம்தான்.

பெரிய மகள் சோனியாவுக்கு மீஞ்சூரில் மாப்பிள்ளை அமைந்தது. பெயர் சாம்சன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, இரண்டு ஊர்ச் சர்ச்சிலும் ஓலை வாசிக்கவேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை உண்டென்றால் சொல்லலாம் என்று பாஸ்டர் சபைக்கு அறிவிப்பார். மூன்றாவது ஞாயிறு முடிந்து செவ்வாய்க்கிழமை கல்யாணம். அதைத் தவறவிட்டால் புதன்கிழமை லெந்து நோன்புக்காலம் பிறந்துவிடும், ஈஸ்டர் வரைக்கும் தாலி கட்டமுடியாது. முதல் இரண்டு ஞாயிறும் மேரிக்கு ஷிப்ட். பீட்டரை அனுப்பினாள். "நல்லா வாசிச்சாங்க" என்று வந்து சொன்னான். வேறு யாரோ பாடிய பாட்டுக்கு மார்க் போடுகிற மாதிரி.

மூன்றாவது ஞாயிறு அவளே போனாள். தன் பெயர் வாசிக்கிற இடத்தில் கல்யாணப் பெண் உட்காரமாட்டாள் என்பது அவர்கள் வீட்டு வழக்கம், அதனால் சோனியா வரவில்லை. சின்னவள் ஜெபா வந்திருந்தாள். பாஸ்டர் காகிதத்தைப் பிரித்து, மீஞ்சூர் சாம்சனுக்கும் பீட்டர் மகள் ஜெபாவுக்கும் விவாகம் என்று தெளிவாக வாசித்தார். பக்கத்திலிருந்த ஜெபா, பைபிள் ஆப்பில் வசனம் தேடுகிற சாக்கில் வேறெதையோ தேடிக்கொண்டிருந்தாள். தனக்குக் கல்யாணம் என்று மூன்றாவது முறையாக அறிவித்தும் அவளுக்குச் சேதி எட்டவில்லை. சபையிலும் ஒரு தலை அசையவில்லை. செவிடன் காதில் சங்கு என்பார்கள். பாவம், செவிடனாவது சங்கு இருக்கிற திசையைப் பார்ப்பான்.

மேரி எழுந்து நின்றாள். "ஐயா, தடை இருக்கு."

அப்போது நிமிர்ந்தார்கள் பாருங்கள், அத்தனை பேரும். தலைக்கு முன்னால் போன்கள் நிமிர்ந்தன. இது அக்காளின் கல்யாணம், வாசித்தது தங்கச்சியின் பெயர் என்று மேரி விளக்கினாள். பாஸ்டர் திடுக்கிட்டுப் போனார். பெண்ணின் பெயரைப் பீட்டரிடம்தான் நேரில் கேட்டு எழுதினாராம். பீட்டர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், வீட்டில் அதிகம் கூப்பிடுகிற பெயரைச் சொல்லியிருக்கிறான். அதன் நகல்தான் மீஞ்சூர் சர்ச்சுக்கும் போய், அங்கேயும் மூன்று வாரம் ஓடியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வந்து சம்மதம் சொன்னால் சாயங்கால ஆராதனையிலேயே திருத்தி வாசிப்பதாகப் பாஸ்டர் சொன்னார்.

மேரி வீடு சேருமுன் வீடியோ மீஞ்சூர் சேர்ந்துவிட்டது. பெண்ணைப் பெற்றவளே எழுந்து தடை சொல்கிறாள், அத்தோடு வெட்டிவிட்டார்கள். விளக்கத்தைக் கேட்க எவனுக்குப் பொறுமை இருக்கிறது? சம்பந்தி ஆதாம் போனில் கொதித்தார். பதில் பேசிப் பயனில்லை என்று புருஷனையும் சோனியாவையும் கூட்டிக்கொண்டு மேரி ரயிலேறினாள்.

மீஞ்சூரில் சம்பந்தி எதிரே உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். பெயர் மாறியதையும், இந்த ஊர்ச் சர்ச்சிலும் ஜெபா என்றே வாசித்ததையும் சொன்னாள். ஆதாமின் முகம் இளகியது. தனக்கு ஞாயிறெல்லாம் டியூட்டி, மகன்தான் சர்ச்சுக்குப் போனான் என்றார். மகன் நாற்காலியில் சாய்ந்து கட்டைவிரலைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

மேரி பக்கத்திலிருந்த சோனியா அவனைப் பார்த்துக் கேட்டாள். "மூணு வாரமும் சர்ச்சுக்குப் போனீங்களா?"

"போனனே. ஒரு வாரங்கூட உடல."

"ஓலை வாசிச்சத கேட்டீங்களா?"

"கேக்காம? மைக்ல உன் பேரு வரச்சொல்லோ ஒரு மாதிரி ஆயிட்ச்சு எனக்கு."

அவனைப் பெற்றவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தக் கூடத்தில் இப்போதுதான் சொல்லி முடித்த பேச்சும் அவன் காதில் ஏறவில்லை.

"என் பேர அவங்க வாசிக்கவே இல்ல" என்றாள் சோனியா. சாம்சன் நிமிர்ந்தான். அன்றைக்கு அவளை அவன் பார்த்தது அப்போதுதான்.

அவள் எழுந்தாள். மேரி அவளைத் தடுக்கப் பார்த்தாள். நாளைக்கு வெளியூர் உறவெல்லாம் வந்து இறங்கும். இந்தக் காலத்தில் எல்லா ஆம்பிளையும் இப்படித்தான், போகப்போகச் சரியாயிடும் என்று மகளின் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னாள். சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்கே தெரிந்தது.

"அப்பாவோட நீ இத்தினி வருசம் தனியா பேசிக்கினு இருந்துட்டம்மா. என்னால முடியாது."

வார்த்தை நெஞ்சில் தைத்தது. மேரி எழுந்து, சம்பந்தியைப் பார்த்துக் கும்பிட்டாள். எல்லோரும் நிற்பது தெரிந்து, ஓரத்து நாற்காலியிலிருந்து பீட்டரும் எழுந்தான்.

"இன்னா, நல்லபடியா பேசி முட்ச்சாச்சா?" என்றான்.

"முடிஞ்சிது, வா" என்றாள் மேரி.