ஓவியாவின் மூன்றாவது மொட்டை

குடும்பநல நீதிமன்றம் குமரவேலுக்குக் கொடுத்தது ஞாயிற்றுக்கிழமையை மட்டும்தான். காலையில் சிட்லபாக்கம் போய் மகளைக் கூட்டிவர வேண்டும், விளக்கு வைப்பதற்குள் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். மற்ற நாளெல்லாம் முடிச்சூர் ரோட்டில் சிமென்ட்டும் கம்பியும் விற்றுக்கொண்டு அந்த ஒரு நாளுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாமல் போனது அன்பை.

அன்பு என்பது ஓர் ஆள். விவாகரத்துக்குப் பிறகு தீபலட்சுமி கட்டிக்கொண்டவன். பேரே பாதி எரிச்சல். பொத்தேரியில் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை, ஒல்லி உடம்பு, மூக்குக் கண்ணாடி, உரக்கப் பேசத் தெரியாத வாய். முறைத்தால் திருப்பி முறைக்கிறவனாக இருந்தால் வெறுப்பதற்காவது வசதியாக இருந்திருக்கும். இவனோ வாரம் தவறாமல் கேட்டைத் திறந்து, "வாங்க சார், காபி சாப்டறீங்களா?" என்று கேட்டுத் தொலைப்பான்.

அன்றைக்கு ஓவியா இரட்டைப் பின்னலோடு வந்தாள். ஏழு வயதுக் குழந்தைக்கு அம்மாக்கள் அவசரத்தில் போட்டுவிடுகிற பின்னல் இல்லை. உச்சியிலிருந்தே முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கோத்து, தலையோடு ஒட்டி இறக்கி, நுனியில் நீல ரிப்பனைப் பூவாகக் கட்டியிருந்தது. ஒரு முடி பிசிறவில்லை.

"அட, அம்மா சூப்பரா பின்னியிருக்காளே" என்றான், அவளை ஸ்கூட்டரில் தனக்கு முன்னால் நிற்கவைத்துக்கொண்டே.

"அம்மாவுக்கு இது வராதுப்பா. அன்பு அப்பாதான் போட்டாரு. இந்த வாரம் தெனமும் அவர்தான். முதல்ல ஒரு பொம்மை வாங்கி, யூடியூப் பாத்து அதுல பழகினாரு."

குமரவேலுக்கு வயிறு எரிந்தது. 'அன்பு அப்பா'வாம்! பட்டா தன் பெயரில் இருக்கிற மனையில் எவனோ கல் நட்டு வேலி போடுகிற மாதிரி இருந்தது. தன் வீட்டில் இருந்த காலத்தில் அந்தத் தலையில் அவன் ஒரு நாள் சீப்பு வைத்ததில்லை. குழந்தை எழுந்திருக்கும்போது அவன் கடையில் இருப்பான். அது இப்போது நினைவுக்கு வந்து இன்னும் எரிந்தது.

தாம்பரம் மேம்பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. அவன் தாடைக்குக் கீழே அந்த வகிடு நூல் பிடித்தமாதிரி நேராக ஓடியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கெட்ட யோசனைகளுக்கெல்லாம் டிராஃபிக்கில் நிற்கும்போதுதான் நேரம் வாய்க்கிறது.

அவர்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தைக்கும் ஒற்றைப்படை வயதில் மூன்று மொட்டை, குலதெய்வம் பச்சையம்மனுக்கு. ஓவியாவுக்கு இரண்டு முடிந்து, மூன்றாவது வரவேண்டிய சமயத்தில் வழக்கு வந்துவிட்டது. ஏழும் ஒற்றைப்படைதானே? சாமி காரியம். யார் என்ன சொல்லிவிட முடியும்?

"ஓவியா, நம்ம பச்சையம்மாவுக்கு உன் மொட்டை ஒண்ணு பாக்கி இருக்குடா. இன்னிக்கே குடுத்துடலாமா?"

அவள் கை மெல்ல ரிப்பனுக்குப் போனது. "அடுத்த வாரம் ஸ்கூல்ல டான்ஸ் இருக்குப்பா."

"மொட்டையோட ஆடினா இன்னும் அழகா இருக்கும்."

"அம்மாகிட்ட கேக்க வேணாமா?"

"அப்பா நான் சொல்றேன் இல்ல?"

"சரிப்பா" என்றாள்.

கோயிலில் மொட்டை போடுகிறவர் கிண்ணத்தில் தண்ணீரோடு வந்து சுற்றுமுற்றும் பார்த்தார். "தாய்மாமன் எங்கண்ணா? அவரு மடியில தானே குந்த வெச்சி எடுக்கணும்?"

தாய்மாமன் வெற்றிவேல் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறான். அவனைக் கூப்பிட்டால் அடுத்த நிமிஷம் அவன் தங்கச்சி தீபலட்சுமிக்குப் போன் போகும். "அவன் ஊர்ல இல்ல. என் மடியிலயே எடுப்பா."

"இன்னாண்ணா, முறைன்னு ஒண்ணு கீதுல்ல?" என்று முணுமுணுத்தபடியே அவர் உட்கார்ந்தார்.

ரிப்பனைக் குமரவேலே உருவினான். பின்னலை அவிழ்க்க வரவில்லை. அவ்வளவு கெட்டி. கடைசியில் அடியோடு கத்தரித்தார்கள். இரண்டு பின்னலும் அப்படியே முழுசாக அவன் கால்மாட்டில் விழுந்தன. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. காலையிலிருந்து சரியாக மூச்சு விடாதவன் அப்போதுதான் விட்டான். கத்தி இறங்க இறங்க, எதிராளியின் வேலியைப் பிடுங்கிப் போடுகிற சந்தோஷம்.

பக்கத்தில் ஒரு குழந்தை கோயிலே அதிர அலறிக்கொண்டிருந்தது. ஓவியா அசையவில்லை.

"ரெண்டு பேரு புடிச்சாலும் மத்ததுங்க துள்ளும். இது இன்னாண்ணா இப்டி கம்முனு கீது?" என்றார் அவர்.

"யாரு பொண்ணு!" என்றான் குமரவேல். அழவே இல்லையே! தன்னிடம் அவளுக்கு இருக்கிற நம்பிக்கை இது என்று நினைத்துப் பூரித்துப் போனான்.

அன்று முழுக்க அவள் எதற்கும் முரண்டு பிடிக்கவில்லை. சந்தனம் பூசிய தலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் பிரியாணி வைத்தான், சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் போட்டதும், "போதும்பா, தேங்க்ஸ்" என்றாள். டிவி முன்னால் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து, "பாத்ரூம் போகலாங்களாப்பா?" என்று கேட்டாள். என்ன மரியாதையான பெண் என்று அவனுக்குப் பெருமையாக இருந்தது.

மற்ற ஞாயிறுகளில் கடைசி நிமிஷம் வரை இழுத்தடிக்கிறவன், அன்றைக்கு வெயில் இறங்குமுன்பே கிளம்பிவிட்டான். அன்பின் மூஞ்சியைப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

பார்க்கவும் செய்தான். கேட்டைத் திறந்த அன்பு, வழக்கம்போலப் பின்னலைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினான். கை பாதியில் நின்றது. மூஞ்சி செத்துவிட்டது. காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்க அன்றைக்கு வாய் வரவில்லை.

"சாமி காரியம் சார். எங்க குடும்ப வழக்கம்" என்றான் குமரவேல். வெயிலில் வந்தவன் மோர் குடித்தமாதிரி குளுகுளுவென்று இருந்தது. ஓவியா கேட்டைத் தாண்டும்வரைகூட அந்தக் குளிர்ச்சி நிற்கவில்லை.

ஓவியா ஸ்கூட்டரிலிருந்து இறங்கினாள். நிதானமாக நடந்து போனாள். அன்பின் சட்டையைப் பிடித்தாள். பிடித்ததுதான் தாமதம், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓர் அலறல்.

"என் முடி போச்சு! எனக்கு வேணவே வேணாம். பயமா இருந்துச்சு. நீ ஏன் வரல? நீ ஏன் என்கூட வரல?" என்று அவன் வயிற்றில் குத்தினாள். அன்பு அவளை வாரித் தூக்கிக்கொண்டான். கண்ணாடி கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

தீபலட்சுமி ஓடிவந்து மகள் தலையைப் பார்த்தாள். "உனக்கென்ன பைத்தியமா? நாளைக்கே வக்கீலைப் பாக்கறேன். இனி எப்படி இவளைக் கூட்டிட்டுப் போறேன்னு பாக்கறேன்" என்று கத்தினாள். அவன் காதில் அது பாதிதான் ஏறியது.

காலையிலிருந்து அந்த அழுகை அவளுக்குள்ளேயே இருந்திருக்கிறது. கத்தி இறங்கியபோது இருந்தது, பிரியாணி சாப்பிட்டபோது இருந்தது. அவன் மடியில் உட்கார்ந்திருந்தும் அவனிடம் அழவில்லை. விருந்துக்குப் போன வீட்டில் அழக்கூடாது என்று அடக்கி வைத்து, பத்திரமாகக் கொண்டுவந்து அன்பிடம் கொட்டுகிறாள். பின்னலைப் பார்த்து எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. தன் வயிற்றில் அப்படி ஒரு குத்து விழ அவன் கடையைக்கூட எழுதிக் கொடுப்பான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா கண்ணு. வேணாம்னு ஒரு வார்த்தை..." என்றான்.

அன்பின் தோளிலிருந்து ஓவியா நிமிர்ந்தாள். விக்கலை அடக்கிக்கொண்டாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சாரிப்பா" என்றாள், அவனைப் பார்த்து, மரியாதையாக.

பிறகு முகத்தைத் திருப்பி அன்பின் கழுத்தில் புதைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.