புது மானிட்டர்

போட்டோவைப் பார்த்ததும் எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது. அதைப் போட்டுக் கொண்டுவந்த செல்வமேரிக்குத்தான் பிடிக்கவில்லை.

"ஞானம் எவ்ளோ கலரா கீறா பாரேன்!" என்று பெரிய அத்தை ஃபிரேமை இரண்டு கையாலும் தூக்கி, வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். "டீச்சரம்மா மாதிரி கீறா." பார்த்தவர்கள் தலையாட்டினார்கள். அந்த அழகைப் பார்த்து யாரோ ஒருத்தி புதிதாக இன்னொரு முறை அழுதாள்.

உள்ளே பெட்டியில் கிடந்த ஞானம்மாளுக்கு இதில் சொல்ல எதுவும் இல்லை. நேற்று ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றதிலிருந்து அவள் விஷயத்தை எல்லாம் மற்றவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். குளிப்பாட்டினார்கள், எடுத்துவைத்திருந்த பட்டுச் சேலையைக் கட்டினார்கள், கையில் ஜெபமாலையைச் சுற்றினார்கள். கடைசியாக அத்தை தன் கையாலேயே முகத்துக்குப் பவுடர் போட்டாள். தாராளமாகவே போட்டாள்.

தம்பி ரவி ஃபிரேமை வாங்கிப் பெட்டியின் தலைமாட்டில், ஸ்டூல்மேல் மெழுகுவர்த்திகளுக்கு நடுவே வைத்தான். "சூப்பரா பண்ணிக்கீறக்கா" என்றான். மனதாரத்தான் சொன்னான். அக்கா வேலை செய்வது டிஜிட்டல் ஸ்டுடியோவில் என்பதில் அவனுக்கு எப்போதும் பெருமை.

செல்வமேரி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் கண், அம்மாவின் மூக்குத்தி, அம்மாவின் சிரிப்பு. தோல் மட்டும் யாருடையதோ.

ஞானம்மாள் நல்ல கருப்பு. சித்தாள் வேலைக்குப் போய் வெயிலில் வாங்கிய கருப்பு மட்டுமல்ல, பிறவியிலேயே அப்படி. கொத்தனார் அந்தோணிசாமி கல்யாணமான புதிதிலிருந்தே பெண்டாட்டியைத் தோசைக்கல் என்றுதான் கூப்பிடுவார். "தோசக்கல்லு இல்லாம நீ இன்னாத்த துன்னுவ?" என்று அவளும் விடமாட்டாள். வீட்டுக்குள் அது கொஞ்சல். ஆனால் ஸ்டுடியோக்காரர்களுக்கு அந்தக் கருப்பு ஒரு வியாதியாகப் பட்டது. கல்யாணப் படத்தில் அவளுக்குச் சுண்ணாம்பு அடித்துவைத்திருந்தார்கள். வாக்காளர் அட்டையில் வைத்தியமே பார்க்காமல் விட்டதில் பல் மட்டும் தெரிந்தது.

"நான் கீற மாதிரி ஒன்னே ஒன்னு போட்டுக் குடுடி. நீதான் கம்ப்யூட்டர்ல வேல செய்றியே" என்று மகளிடம் அவள் கேட்டிருந்தாள். அதற்காகப் போன கிறிஸ்துமஸுக்கு வேப்பமர நிழலில் நிற்கவைத்து எடுத்த படம் இது. தானாகவே கலரை மாற்றிவிடும் லேப் மெஷினை நம்பாமல் நெகடிவை ஸ்கேன் செய்து வைத்திருந்தாள் செல்வமேரி. அதற்குள் சர்க்கரை முற்றி அம்மா படுத்துவிட்டாள். பிறகு ஆஸ்பத்திரிதான்.

இனி இந்தப் படம்தான் சுவரில் இருக்கப்போகிறது. ரவியின் பிள்ளைகள் இந்த ரோஸ் நிறப் பெண்ணைத்தான் ஆயா என்று நினைப்பார்கள். அம்மா வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். பெட்டி மூடுவதற்குள் அதைத் தலைமாட்டில் வைக்காவிட்டால், பிறகு வைத்து யாருக்கு?

"இது அம்மா இல்ல. நான் போய் வேற போட்டுட்டு வரேன்."

"இன்னாக்கா, வெளாட்றியா? மூணு மணிக்கு சாமியார் வந்துடுவாரு."

"நல்லாதானடி கீது" என்றாள் அத்தை. "சாவு வூட்ல இன்னா பேஜாரு இது?"

பெட்டியின் கால்மாட்டில் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார் அந்தோணிசாமி. படத்தைக் கொண்டுவந்து வைத்தபோது ஒரு தரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்தான்.

"நைனா, போய்ட்டு வரட்டா?"

"போய்ட்டு வா" என்றார்.

செம்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போது, மடியில் ஃபிரேமைக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ஸ்டுடியோவின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த முதலாளி லோகநாதன் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டார். "என்ன மேரி, நீ ஏம்மா வந்த? ஒரு போன் பண்ணா நான் கொண்டாந்து தர மாட்டனா?"

"படம் சரியில்லண்ணா."

அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். பழைய மானிட்டரோடு அவளுக்குப் பல வருஷப் பழக்கம். அது ஊரில் உள்ள எல்லோரையும் காமாலைக்காரர்களாகக் காட்டும். முகம் இந்த அளவு மஞ்சளாகத் தெரிந்தால் பேப்பரில் சரியாக இருக்கும் என்று அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. பொய் சொன்னாலும் தினமும் ஒரே பொய்யைச் சொல்லும் மானிட்டர். அவள் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்த சமயம் அது புகைந்து நின்றுபோய், இந்தப் புதுசு வந்திருந்தது. நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது.

காலையில் இதன் முன்னால் உட்கார்ந்தபோது அம்மாவின் முகம் ஒரேயடியாக மங்கலாகத் தெரிந்தது. இரவெல்லாம் அழுத கண்தான் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தெளிவாகத் தெரியும்வரை படத்துக்கு வெளிச்சம் ஏற்றினாள். இப்போது உற்றுப் பார்த்தாள். மங்கியிருந்தது கண் இல்லை, மானிட்டர். கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் கவர் கண்ணாடியை இன்னும் மூடியிருந்தது. அதன் ஓரத்தில் நகத்தை விட்டுக் கிழித்தாள்.

"ஐயையோ, தூசி பூந்துடும்மா! கொஞ்ச நாள் அப்டியே இருக்கட்டுமேன்னு..."

"லைட்டையும் நீங்கதான் குறைச்சு வெச்சீங்களாண்ணா?"

"புதுசாச்சேம்மா. கம்மியா வெச்சா ரொம்ப நாள் உழைக்கும்னு கடைக்காரன் சொன்னான்." சொல்லிவிட்டு லோகநாதன் அவள் முகத்தைப் பார்த்தார். ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று மட்டும் அவருக்குப் புரிந்தது.

"ஷட்டர முழுசா ஏத்துங்கண்ணா. வெளிச்சம் வேணும்."

அவள் ஃபிரேமைப் பிரித்துப் பிரிண்ட்டை வெளியே எடுத்தாள். அதை மானிட்டருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, கீழே இருந்த பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். கையில் இருக்கும் படம் எப்படி இருக்கிறதோ, கண்ணாடியில் இருப்பதும் அப்படியே வரவேண்டும். முதலில் மானிட்டர் உண்மை பேசவேண்டும். மற்றதெல்லாம் பிறகு. வெளிச்சம் ஏறியது, நீலம் இறங்கியது. கடைசியில் இரண்டிலும் ஒரே ரோஸ் நிறப் பெண் சிரித்தாள். காலையில் தான் செய்துவைத்த காரியத்தை செல்வமேரி அப்போதுதான் உள்ளபடி பார்த்தாள்.

இனி வெளிச்சத்தைக் குறைக்கவேண்டும். குறைத்தாள். இன்னும் குறைத்தாள். கை நின்றுவிட்டது.

எதுவரை?

கண்ணை மூடி அம்மாவை நினைத்தாள். பெட்டிக்குள் இருந்த பவுடர் முகம்தான் வந்தது. அதைத் தள்ளிவிட்டு நினைத்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாம்பல் பூத்துக் கிடந்த முகம் வந்தது. அதற்கு முன்னால் இருந்த முகம், தினமும் பார்த்த முகம், வரவே இல்லை. ஒரு நாள்கூட முழுசாக ஆகவில்லையே, அதற்குள் பெற்றவளின் நிறம் மறந்துபோகுமா? செல்வமேரி பயந்துபோனாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் இப்படிப் பயப்படவில்லை. மவுஸைப் பிடித்தபடியே உடைந்து அழுதாள். லோகநாதன் என்ன செய்வதென்று தெரியாமல் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோதுதான் கையைப் பார்த்தாள்.

அம்மா கலர் அப்படியே. பெண் பார்க்க வந்தவர்கள் வாசலைத் தாண்டியதும் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போன வார்த்தை அது. அதற்காக எத்தனை டியூப் கிரீம் தேய்த்திருக்கிறாள். நல்ல வேளை, ஒன்றும் வேலை செய்யவில்லை.

வளையலை மேலே ஏற்றிவிட்டு, முழங்கையிலிருந்து கையை மானிட்டர் கண்ணாடியோடு சேர்த்து வைத்தாள். கண்ணாடியின் மின்சாரத்தில் கைமுடி சிலிர்த்தது. வாசல் வெளிச்சம் கையில் விழுந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, கன்னத்தையும் கழுத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் கை எங்கே முடிகிறது, அம்மா எங்கே தொடங்குகிறாள் என்று தெரியாமல் போயிற்று. அங்கே நிறுத்தினாள்.

"கொஞ்சம் லைட் பண்ணிடும்மா" என்றார் லோகநாதன் மெதுவாக. "சொந்தக்காரங்க ஏசுவாங்க."

"ஏசட்டும்ணா."

புது பிரிண்ட்டை ஃபிரேமில் மாட்டியதும் லோகநாதனே அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். செம்பாக்கம் ஏரிக்கரைத் திருப்பத்திலேயே பாட்டுச் சத்தம் கேட்டது. சாமியார் வந்துவிட்டிருந்தார். பெட்டி மூடியைச் சுவரோரம் எடுத்து வைத்திருந்தார்கள்.

ரவி படத்தைப் பார்த்தான். அவன் முகம் சுருங்கியது.

"இன்னாடி இது!" என்று அத்தை வாயில் கை வைத்தாள். "இப்டி கருப்பா? போறப்பகூடவா அவள இப்டி காட்டணும்?"

"அம்மா கருப்புதான் அத்த."

பாட்டு நின்றுபோயிருந்த நேரம் என்பதால் அது பந்தல்வரைக்கும் கேட்டது. அங்கே இருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

அந்தோணிசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மகளிடமிருந்து படத்தை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு கிட்டே கொண்டுவந்து பார்த்தார். படத்தை ஸ்டூல்மேல் வைத்து, தோளில் இருந்த துண்டால் கண்ணாடியை ஒரு தரம் துடைத்தார்.

அதே துண்டோடு பெட்டிப் பக்கம் குனிந்தார்.

நெற்றியில் தொடங்கினார். பூசி முடித்த தரையில் படிந்த சிமெண்டுத் தூசியைத் துடைப்பதுபோல, அழுத்தாமல், ஒரே பக்கமாக இழுத்து இழுத்துத் துடைத்தார். நெற்றி முடிந்து கன்னம், மூக்குத்தியைச் சுற்றி, காதுக்குப் பின்னால். பவுடர் போகப் போக அடியில் இருந்த கருப்பு வெளியே வந்தது.

"அண்ணே..." என்று ஆரம்பித்த அத்தை அதோடு நிறுத்திக்கொண்டாள். சாமியார் ஜெபப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

துடைத்து முடித்ததும் அந்தோணிசாமி துண்டை உதறவில்லை. வெள்ளை ஒட்டிய நுனியை உள்பக்கம் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மூடி எடுத்து வருகிறவர்களுக்கு வழிவிட்டு நகர்ந்து நின்றார்.